அவன் அப்பாவின் சிம்மை நான் கழற்றியதிலிருந்து அக்கா மகன் என்னோடு பேசுவதில்லை

திருப்பூர்வாசி | 19 ஜனவரி 2025, இரவு 10.40

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொந்த ஊர் நீடாமங்கலம் பக்கம். பதினெட்டு வருஷமாகத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அக்காவை உள்ளூரிலேயே கொடுத்திருந்தோம். அத்தானுக்கு ஒன்பது மா நிலம் (மூணு ஏக்கர்), ஒரு போர்வெல், இரண்டு மாடு. போன ஐப்பசி 5ஆம் தேதி விடியற்காலையில் மாரடைப்பில் போய்விட்டார். 46 வயது. சம்பா நடவு முடிந்து மேலுரம் போடும் நேரம். பெரியவனுக்கு 16, பிளஸ் ஒன் படிக்கிறான். சின்னவள் ஏழாவது.

பதினாறாம் நாள் காரியத்தில் தாய்மாமன் முறைக்கு நான்தான் அவனுக்கு உருமா (தலைப்பாகை) கட்டினேன். எல்லாரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். "இனிமே நீதான்டா எல்லாம். அம்மாவையும் தங்கச்சியையும் பாத்துக்க." தலையை ஆட்டினான். அழவில்லை.

அன்றிலிருந்து அவன்தான் வயலுக்குப் போகிறான். காலை ஐந்து மணிக்கு எழுந்து வாய்க்கால் மடை பார்க்கிறான், அப்புறம் பள்ளிக்கூடம். போன் அடித்தே மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் போருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் வைத்திருக்கிறார்கள். அதில் பதிவாகியிருப்பது அத்தான் நம்பர் மட்டும். அதனால் அத்தானுடைய பழைய பட்டன் போனும் அவனிடம்தான். பள்ளிக்குப் போன் கொண்டு போகக்கூடாது என்பதால் பஸ் ஸ்டாப் டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போய், சாயங்காலம் வாங்கிக்கொள்கிறான்.

பொங்கலுக்குப் போனபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். (பொங்கல் இந்த வருஷம் கிடையாது, சும்மா துணைக்குப் போனேன்.) இரவு ஒன்பது மணிக்கு அந்தப் போனை எடுத்து மோட்டாருக்கு அடிக்கிறான். கதிர் பழுத்து நிற்கிறது, வயலுக்குத் தண்ணீரே தேவையில்லை. ஸ்பீக்கரில் போட்டு, "மும்முனை மின்சாரம் உள்ளது, மோட்டார் நிறுத்தப்பட்டுள்ளது" என்று அந்தப் பொம்பளைக் குரல் சொல்வதைக் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறான். தினமும். அத்தான் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செய்வது அப்படியே.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மறுநாள் அவன் குளிக்கப் போன நேரத்தில் சிம்மைக் கழற்றிவிட்டேன். என் பெயருக்கு மாற்றி, ஸ்டார்ட்டரை நானே திருப்பூரிலிருந்து போட்டுக்கொள்ளலாம், பையன் படிக்கட்டும் என்றுதான். வந்து பார்த்தான். ஒரு வார்த்தை கத்தவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் மோட்டார் கொட்டகையில் படுத்துக்கொண்டான். இரவு பதினொன்றரைக்கு அக்கா போய்க் கெஞ்சிக் கூட்டி வந்தாள். சிம்மைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனாலும் என்னோடு பேச்சில்லை.

என் திட்டம் இது: மார்ச்சில் பொதுத்தேர்வு முடிந்ததும் அவனைத் திருப்பூருக்குக் கூட்டி வந்து பிளஸ் டூ சேர்ப்பது, நிலத்தைப் பங்காளி ஒருவருக்குக் குத்தகைக்கு விடுவது. அக்கா இரண்டு மனதாக இருக்கிறாள். நான் செய்வது சரியா?

சாக்பீஸ் | 19 ஜனவரி 2025, இரவு 11.15

திருவாரூர் மாவட்டத்தில் பிளஸ் ஒன், பிளஸ் டூ எடுக்கும் டீச்சர் நான். பையனின் வகுப்பாசிரியருக்கு இது முழுதாகத் தெரியுமா? "அப்பா இறந்துட்டார்" என்ற ஒரு வரி தெரிந்திருக்கும். ஐந்து மணிக்கு எழுவதும், டீக்கடையில் போன் வைப்பதும் தெரிந்திருக்காது. மூன்றாம் பீரியடில் தூங்கினால் திட்டு விழும். அவனும் காரணம் சொல்லமாட்டான். ஒருமுறை நேரில் போய்ச் சொல்லுங்கள். போனில் வேண்டாம்.

போன வருஷம் என் வகுப்பில் ஒரு பெண்ணுக்கு அப்பா போய்விட்டார். இரண்டு வாரம் கழித்து வந்தாள். எல்லாரும் அவளைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி நடத்தினோம். ஒருநாள் ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று, "டீச்சர், நான் இனிஷியல் மாத்தணுமா?" என்று கேட்டாள். வேண்டாம்மா, அது எப்போதும் உன்னுடையதுதான் என்றேன். அப்போதுதான் உடைந்து அழுதாள். காரியத்தில் அழாத பிள்ளையாம்.

படிப்பு கெடுகிறது என்று உங்களுக்கு யார் சொன்னது? மார்க் பார்த்தீர்களா?

பழைய நாகை | 20 ஜனவரி 2025, காலை 6.05

இந்தக் காலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு ஆராய்ச்சி. எனக்கு அப்பா போனபோது வயது 15. 1977 நவம்பர் 12 புயல். தெரியாதவர்கள் நாகப்பட்டினத்துப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஓடு பறந்து, சுவர் விழுந்து, அப்பா அதற்கடியில். மூன்று தம்பி தங்கைகள். யார் வந்து என்னை "எப்படிப்பா இருக்கே" என்று கேட்டார்கள்? அரிசி மண்டியில் மூட்டை தூக்கினேன். எல்லாரையும் கரையேற்றினேன். பையன் வேலை செய்கிறான் என்றால் சந்தோஷப்படுங்கள் தம்பி. செய்யாமல் சுற்றினால்தான் கவலை.

கோரையாறு | 20 ஜனவரி 2025, காலை 9.30

திருப்பூர் அண்ணே, கோபித்துக்கொள்ளக் கூடாது. உருமா கட்டினது நீங்கள்தான். மூணு மாசத்தில் அதைக் கழற்றி வைத்துவிட்டு பஸ் ஏறுடா என்பதும் நீங்கள்தானா?

என் கதை கிட்டத்தட்ட இதே. மன்னார்குடிக்குத் தெற்கே. அப்பா போனபோது எனக்கு 16. பெரியப்பா நல்லவர், உங்களை மாதிரியே. "நீ படிக்கிற வழியைப் பாரு" என்று திருச்சியில் ஹாஸ்டலில் விட்டார். நிலம் குத்தகைக்குப் போனது. படித்தேன், வேலைக்குப் போனேன், ஒரு குறையும் இல்லை. ஆனால் அப்பா நட்டு விட்டுப்போன அந்தப் பயிர் என்ன ஆச்சு என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எந்த வண்டி அறுத்தது, எத்தனை மூட்டை கண்டது, ஈரமா காய்ச்சலா? கேட்டால் "அதெல்லாம் உனக்கெதுக்குப்பா" என்பார்கள். இப்போது எனக்கு 41. அந்த ஒரு போகத்தை யாராவது எனக்கு முழுசாக விட்டிருக்கலாம் என்று நினைப்பேன்.

பழைய நாகை ஐயா சொல்கிற மாதிரி "வேலை செய்தால் சந்தோஷம்" என்று நான் சொல்லவில்லை. வேலை அவனுக்குச் சுமையா துணையா என்பது வெளியிலிருந்து பார்க்கிற நமக்குத் தெரியாது. அவனைத்தான் கேட்க வேண்டும். நீங்கள் கேட்டீர்களா? உங்கள் பதிவில் அவன் வாயால் ஒரு வார்த்தைகூட இல்லை.

திருப்பூர்வாசி | 20 ஜனவரி 2025, மதியம் 1.20

கேட்கவில்லை. ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் என் பயத்தையும் சொல்கிறேன். அவன் சிரிப்பதில்லை. கிரிக்கெட் விளையாடப் போவதில்லை. தங்கச்சி செருப்பு அறுந்தால் இவன்தான் தைத்து வருகிறான். நாற்பது வயது ஆள் மாதிரி கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, உர மூட்டைக்கு டோக்கன் போடப் பெரியவர்களோடு வரிசையில் நிற்கிறான். பார்க்கிறவர்கள் எல்லாம் "அப்படியே அப்பா" என்று மெச்சுகிறார்கள். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

மார்க் பார்த்தேன் டீச்சர். அரையாண்டில் கணக்கு மட்டும் குறைவு. மற்றதெல்லாம் முன்பு மாதிரியேதான்.

பாமணியாறு எலக்ட்ரிகல்ஸ் | 20 ஜனவரி 2025, இரவு 8.10

மனசு விஷயம் எனக்குத் தெரியாது. பெட்டி விஷயம் தெரியும், அதனால் அதைச் சொல்கிறேன்.

சிம்மை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. நம் பக்கம் விற்கிற மொபைல் ஸ்டார்ட்டர் பெரும்பாலும் முதலில் பதிவு செய்த நம்பரை எஜமான் நம்பராக வைத்துக்கொள்ளும். அந்த நம்பரிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பினால் இன்னும் சில நம்பர்களைச் சேர்த்துக்கொள்ளலாம். எப்படி அனுப்புவது என்று பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். அப்பா நம்பர் அப்படியே இருக்கட்டும். கீழே அம்மா நம்பர், பையன் நம்பர். ஆனால் செய்தி அப்பா போனிலிருந்துதான் போக வேண்டும். அதாவது அவன் கையால்தான் நடக்கும்.

இன்னொன்று. பிரீபெய்டு சிம்மைத் தொண்ணூறு நாள் எதற்குமே பயன்படுத்தாமல் விட்டால் கம்பெனி நம்பரை முடக்கி, அப்புறம் வேறு யாருக்காவது கொடுத்துவிடும். அவன் தினமும் அடிக்கிறான் என்பதால்தான் அந்த நம்பர் உயிரோடு இருக்கிறது. ரீசார்ஜ் தீராமல் பாருங்கள். இறப்புச் சான்றிதழைக் காட்டிக் கம்பெனி கடையில் அக்கா பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம், நம்பர் மாறாது. அத்தானுக்கு வாட்ஸ்அப் இருந்திருந்தால் அதையும் பாருங்கள். நாலு மாசம் தொடாவிட்டால் கணக்கு அழிந்துவிடும். வாய்ஸ் மெசேஜ் ஏதாவது இருந்தால் வேறு இடத்தில் எடுத்து வையுங்கள். எங்கள் வீட்டில் அம்மாவுடையது போய்விட்டது. "டேய், தேங்கா வாங்கிட்டு வா" என்ற ஒன்றுதான் மிச்சம், அதுவும் தங்கச்சி போனில் இருந்ததால்.

லால்குடி பாசஞ்சர் | 20 ஜனவரி 2025, இரவு 9.00

எல்லாரும் உணர்ச்சிவசப்படுகிறீர்கள். இறந்தவர் போனைத் தினமும் ராத்திரி நோண்டுவது நல்லதில்லை. ஆத்மா சாந்தியடைய விடமாட்டேன் என்பது மாதிரி. மாசிகம் (மாதத் திதி) ஒழுங்காகக் கொடுக்கிறார்களா? அதைக் கேளுங்கள் முதலில்.

வெட்டாறு | 20 ஜனவரி 2025, இரவு 9.12

ஆத்மா சாந்திக்கும் த்ரீ ஃபேசுக்கும் என்ன சார் சம்பந்தம். ஐயருக்குக் கொடுத்தால்தான்

நெறியாளர் | 20 ஜனவரி 2025, இரவு 9.50

இந்த இடத்தில் பதினோரு பதிவுகளைத் தூக்கியிருக்கிறேன். சடங்கு வேண்டுமா வேண்டாமா என்ற சண்டைக்கு ஏற்கெனவே மூன்று இழை இருக்கிறது, அங்கே போங்கள். இங்கே ஒரு பையனைப் பற்றிப் பேசுகிறோம்.

நைட் ட்யூட்டி | 21 ஜனவரி 2025, அதிகாலை 3.35

அரசு மருத்துவமனையில் செவிலியர். மனநலப் பிரிவில் நாலு வருஷம் இருந்திருக்கிறேன். மருத்துவர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

துக்கத்துக்கு ஐந்து படி, ஒவ்வொன்றாக ஏறி இறங்கினால் முடிந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வரும். அதை 1969இல் எழுதிய குப்ளர் ராஸ் அம்மையார் பேட்டி கண்டது சாகப்போகிற நோயாளிகளை. மிஞ்சியவர்களை இல்லை. அப்புறம்தான் அது எல்லாருக்கும் என்று பரவியது. 1999இல் ஸ்ட்ரோப், ஷூட் என்ற இரண்டு பேர் சொன்னது எனக்கு வார்டில் பார்த்ததோடு பொருந்தியது. துக்கத்தில் இருக்கிறவர் இரண்டு பக்கமும் ஊசலாடுவார்: கொஞ்சம் இழப்பின் பக்கம், கொஞ்சம் பிழைப்பின் பக்கம். ஊசல் ஆடிக்கொண்டிருந்தால் நல்லது. ஒரே பக்கம் நின்றுவிட்டால்தான் கவனிக்க வேண்டும்.

உங்கள் பையனைப் பாருங்கள். பகல் முழுக்கப் பிழைப்பு. ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு போன். அவன் அப்பாவுக்கென்று வைத்திருப்பது அந்த ஒரு நிமிஷம்தான் போல. அதைத்தான் நீங்கள் கழற்றினீர்கள்.

கண்டிப்பது என் நோக்கமில்லை. கவலைப்பட வேண்டியது எது என்றால்: சாப்பாடு, தூக்கம் அடியோடு மாறுவது, பள்ளியை நிறுத்துவது, குடி, "நானும் போயிட்டா தேவலாம்" மாதிரிப் பேச்சு. கடைசியாகச் சொன்னது வந்தால் விளையாட்டாக எடுக்காதீர்கள். வீட்டில் பூச்சிமருந்து எங்கே இருக்கிறது என்று இன்றே பாருங்கள். மோட்டார் கொட்டகையில்தானே வைப்பீர்கள்? அதை எடுத்துப் பூட்டி வையுங்கள். இது எல்லா விவசாயி வீட்டுக்கும் சொல்வதுதான், பயப்பட வேண்டாம். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி இருக்கிறது, 24 மணி நேரமும், தமிழில் பேசலாம், இலவசம். குழந்தைகளுக்கென்றால் 1098.

மூணு மாசம் என்பது ஒன்றுமே இல்லை. நோய் அளவுக்கு நீண்ட துக்கம் என்று பெயர் வைக்கவே, 2022இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் திருத்திய வரையறையில் பெரியவர்களுக்கு ஒரு வருஷம், பிள்ளைகளுக்கு ஆறு மாசம் ஆக வேண்டும். அமெரிக்காவில் வொர்டனும் சில்வர்மேனும் பெற்றோரில் ஒருவரை இழந்த பிள்ளைகளை இரண்டு வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். சில பிள்ளைகளுக்குச் சிக்கல் முதல் வருஷத்தைவிட இரண்டாம் வருஷத்தில்தான் தெரிந்தது. தலைவருஷத் திதி கொடுத்து முடித்ததும் ஊர் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். அப்போதுதான் நீங்கள் அடிக்கடி ஊருக்கு வர வேண்டும்.

முடிகொண்டான் கரை | 21 ஜனவரி 2025, காலை 11.00

பையனைப் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டீர்கள். அந்த ஏழாவது படிக்கிற பெண்ணைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே?

எனக்கு 13 வயதில் அம்மா போனார், கர்ப்பப்பைப் புற்று. அண்ணனை ஊரே பரிதாபமாகப் பார்த்தது. என்னிடம் கரண்டியைக் கொடுத்தது. முதல் வாரத்திலேயே அத்தை அஞ்சறைப் பெட்டியை என் முன்னால் வைத்து, எது கடுகு எது வெந்தயம் என்று சொல்லிக் கொடுத்தார். எனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை. வெந்தயக் கிண்ணத்தில் அம்மா ஒரு பழைய ஐம்பது பைசா போட்டு வைத்திருப்பார். ஏன் என்று நான் கேட்டதே இல்லை. அத்தை அதை எடுத்து அலமாரியில் வைத்தார். நான் ராத்திரி எழுந்து திரும்பப் போட்டேன். இருபத்தொரு வருஷம் ஆகிறது, இப்போது என் வீட்டு வெந்தயத்தில் இருக்கிறது.

அழுகிற நேரம் தாளிக்கிற நேரம்தான். மிளகாய் நெடி என்று சொல்லிக்கொள்ளலாம்.

நான் வயசுக்கு வந்தபோது சடங்கு வைக்கவில்லை, "தாயில்லாப் பிள்ளைக்கு எதுக்கு" என்றார்கள். வைத்திருந்தாலும் எனக்குப் பிடித்திருக்காது. ஆனால் அந்த வாக்கியம் மட்டும் அப்படியே நிற்கிறது.

அந்தத் தங்கச்சியோடு போனில் பேசுங்கள் சார். அண்ணன் எப்படி இருக்கான் என்று அவளிடம் விசாரிக்காதீர்கள். அவள் எப்படி இருக்கிறாள் என்று கேளுங்கள்.

தயிர்சாதம்07 | 21 ஜனவரி 2025, மாலை 5.45

எனக்கு 17. நான் சும்மா படிக்கத்தான் வருவேன், பதிவு போட்டதில்லை. அம்மா போய் 14 மாசம்.

எங்க வீட்ல அம்மா பேரையே யாரும் சொல்றதில்லை. நான் ஏதாவது "அம்மா இருந்தப்போ"ன்னு ஆரம்பிச்சா அப்பா டிவி சத்தத்தைக் கூட்டுவாங்க. எனக்குக் கஷ்டமா இருக்கும்னு அவங்க பேசறதில்லை, அவங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு நான் பேசறதில்லை. அம்மாவோட நைட்டி எல்லாத்தையும் பாட்டி ஒரே நாள்ல யாருக்கோ குடுத்துட்டாங்க. ஒண்ணாவது எனக்கு வச்சிருக்கலாம். அதனால அந்த அண்ணன் போனை விடமாட்டேங்கறது எனக்கு நல்லாப் புரியுது.

வர்ற 29ஆம் தேதி தை அமாவாசைக்கு அப்பா திருவையாறு போறாங்க. நானும் வரேன்னேன். பொண்ணுங்க எதுக்குன்னு பாட்டி சொல்லுது. அப்பா ஒண்ணும் சொல்லல.

முடிகொண்டான் கரை | 21 ஜனவரி 2025, மாலை 6.02

போம்மா. படித்துறையில் உட்கார யாருடைய உத்தரவும் வேண்டாம்.

சர்வே கல் | 22 ஜனவரி 2025, காலை 10.15

வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். நிலத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால்.

இ-சேவையில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தாகிவிட்டதா? அத்தானின் அம்மா இருக்கிறாரா? இருந்தால் அவரும் முதல்நிலை வாரிசு. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், தாய் நால்வருக்கும் சமபங்கு. பாட்டியை விட்டுவிட்டு எழுதிக்கொடுத்துப் பின்னால் கோர்ட் படியேறியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் இருவரும் மைனர். அவர்கள் பங்கை அம்மாவே நினைத்தாலும் நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்க முடியாது, ஐந்து வருஷத்துக்கு மேல் குத்தகைக்கும் விட முடியாது. பங்காளி "ஒரு பத்து வருஷத்துக்கு நானே பாத்துக்கறேன்" என்றால் இதைச் சொல்லுங்கள். வாய்வார்த்தைக் குத்தகை வேண்டவே வேண்டாம்.

இப்போது அறுவடை வருகிறது. சாகுபடிச் சான்றான அடங்கலை அக்கா பெயரில் சாகுபடி செய்வதாக விஏஓவிடம் வாங்கிக்கொள்ளுங்கள். கொள்முதல் நிலையத்துக்கு அக்கா ஆதார், அக்கா வங்கிக் கணக்கு. அத்தான் பெயரில் பதிவு போட்டால் பணம் போய் முடங்கிய கணக்கில் உட்காரும். பிஎம் கிசான் ஆறாயிரம் அத்தானுக்கு வந்துகொண்டிருந்தால் எடுக்காதீர்கள், இறப்பைத் தெரிவித்துவிட்டு அக்கா பெயரில் புதிதாக விண்ணப்பியுங்கள். 1.2.2019க்குப் பிறகு நிலம் கைமாறியவர்களுக்குக் கிடையாது என்பார்கள். இறப்பால் வாரிசுக்கு வந்த நிலத்துக்கு அந்தத் தடை இல்லை.

வருமானம் குறைவென்றால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள். குழந்தைகளுக்கான மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய், 18 வயது வரை. கிராமத்தில் ஆண்டு வருமானம் 72,000க்குள் இருக்க வேண்டும். கணவனை இழந்தவர்களின் பிள்ளைகளும் அதில் வருவார்கள்.

பழைய நாகை | 22 ஜனவரி 2025, இரவு 7.30

அந்தப் பிள்ளை எழுதியதை (தயிர்சாதம்) இரண்டு முறை படித்தேன்.

நானும் அப்பா பேச்சை எடுத்ததில்லை. தம்பிகளும் எடுத்ததில்லை. அப்பாவுக்குச் சைக்கிளில் டைனமோ லைட் உண்டு. சாயங்காலம் தெருமுனையில் வெளிச்சம் திரும்பினால் அப்பா. புயலுக்குப் பிறகும் ரொம்ப நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் வாசலில் போய் நிற்பேன். அம்மா பார்த்திருக்கிறாள், ஒன்றும் கேட்டதில்லை. நேற்று கடைசித் தம்பிக்குப் போன் போட்டு இதைச் சொன்னேன். அவனும் நின்றிருக்கிறானாம். கொல்லைப் பக்கமாக.

திருப்பூர் தம்பி, முதலில் எழுதியதில் கொஞ்சம் அதட்டலாகப் பேசிவிட்டேன். மனசில் வைக்க வேண்டாம்.

தயிர்சாதம்07 | 30 ஜனவரி 2025, இரவு 8.20

போனேன். புஷ்ய மண்டபத்துல செம கூட்டம். அப்பா எள்ளும் தண்ணியும் விடும்போது நான் பக்கத்துப் படியில உக்காந்திருந்தேன். மேட்டூரை மூடற நேரம்ங்கறதால தண்ணி கம்மியாதான் இருந்துச்சு, கடைசிப் படி வரைக்கும் இறங்கணும். திரும்பி வரும்போது பஸ்ல அப்பா திடீர்னு, "உங்கம்மாவுக்கு இந்த ஊரு அசோகா அல்வா உசுரு"ன்னாங்க. எனக்குத் தெரியவே தெரியாது. இறங்கிப் போய்க் கால் கிலோ வாங்கினோம். அவ்ளோதான்.

திருப்பூர்வாசி | 23 பிப்ரவரி 2025, இரவு 11.00

மூணு நாள் லீவு போட்டு அறுவடைக்குப் போயிருந்தேன். கோரையாறு தம்பி சொன்னதால்.

பெல்ட் வண்டி (அறுவடை மெஷின்) வந்தது. சி.ஆர். 1009 ரக நெல், நன்றாகவே கண்டிருக்கிறது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17க்கு மேல் என்று முதல் நாள் திருப்பிவிட்டார்கள். பையன் ஒன்றும் பேசாமல் ரோட்டில் தார்ப்பாய் விரித்துக் கொட்டி, காலால் கோடு போட்டுக் கிளறி விட்டான். இரண்டு நாள் காவல். ராத்திரி குவியல் பக்கத்தில் நானும் அவனும். கொசு பிடுங்கியது. நான் போன் பற்றி வாயே திறக்கவில்லை. "நான் அன்னைக்குக் கேக்காம எடுத்தது தப்புடா" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா தூங்கற மாதிரி கொறட்டை விடறீங்க மாமா, நேத்து பயந்துட்டேன்" என்றான். மன்னித்தானா என்று தெரியவில்லை, பேசினான்.

மறுநாள் ஈரம் பார்க்கிற மிஷினில் 16.4. நாற்பது கிலோ சிப்பமாகப் போட்டார்கள், குவிண்டால் 2,405 ரூபாய்க்கு. அக்கா கணக்குக்குத்தான். கையெழுத்துப் போடும்போது அக்கா கை நடுங்கியது, அவன் விரலை வைத்துக் காட்டினான், இங்கே என்று.

திருப்பூர் வருவாயா என்று கேட்டேன், கேட்டுத்தான். "பிளஸ் டூ இங்கதான். அப்புறம் பாக்கலாம்" என்றான். குறுவைக்கு மட்டும் ஆறு மா குத்தகைக்கு விடட்டுமா, மூணு மா நீ வச்சுக்க என்றேன். யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். நானும் அக்காவும் இன்னும் இதில் ஒத்துப்போகவில்லை. அவளுக்கு முழுதாக விட்டுவிட்டால் தேவலை.

தங்கச்சியிடம் பேசினேன். முதல் கேள்விக்கே, "மாமா, நான் இனிமே அப்பா கலர்ல சட்டை போடலாமா, பச்சை?" என்று கேட்டாள். அத்தான் போன அன்று போட்டிருந்த சட்டை பச்சை. நாலு மாசமாக அவள் பச்சை உடுத்தவில்லை. எங்கள் யாருக்கும் தெரியாது.

சாக்பீஸ் | 24 பிப்ரவரி 2025, காலை 7.00

போட்டாளா?

திருப்பூர்வாசி | 24 பிப்ரவரி 2025, காலை 7.40

பாவாடை பச்சை. சட்டை இன்னும் இல்லை.

திருப்பூர்வாசி | 22 ஜூன் 2025, இரவு 10.10

பழைய இழையைக் கிளப்புகிறேன், மன்னிக்கவும். பிளஸ் ஒன் தேறிவிட்டான், கணக்கு சுமார்தான். ஜூன் 12 மேட்டூர் திறந்தது உங்களுக்குத் தெரியும். எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் இன்னும் வரவில்லை, நாற்றங்காலுக்கு மட்டும் போர்த் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். மூணு மாதான் இந்தக் குறுவை.

நேற்று ராத்திரி ஒன்பதே காலுக்கு அத்தான் நம்பரிலிருந்து எனக்குப் போன். ஸ்கிரீனில் "அத்தான்" என்று வந்ததும் ஒரு நிமிஷம் எனக்குக் கை கால் ஓடவில்லை. எடுத்தால் அவன். "மாமா, பெட்டியில அம்மா நம்பர் முன்னாடியே போட்டுட்டேன். இப்ப உங்களதையும் சேத்திருக்கேன். ஒரு தடவை அடிச்சுப் பாருங்க, வேலை செய்யுதான்னு."

திருப்பூரில் லைன் வீட்டு மாடியில் நின்றுகொண்டு அடித்தேன். மூன்று ரிங் போனது. அந்தப் பொம்பளைக் குரல், "மும்முனை மின்சாரம் இல்லை" என்றது.

பாமணியாறு எலக்ட்ரிகல்ஸ் | 22 ஜூன் 2025, இரவு 10.35

பேசுகிறதே, அப்போ உள்ளே பேட்டரி நல்லா இருக்கு. நேற்று மாலை காற்றில் அந்தப் பக்கம் லைன் அறுந்தது, காலையில் சரி செய்துவிட்டார்கள். இப்போது அடித்துப் பாருங்கள் அண்ணே.